பதிவேட்டில் இல்லாத படைவீரர்கள்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரளத்தின் வயநாட்டை ஒட்டியுள்ள மலையூர் சேரம்பாடி. பந்தலூர் வட்டத்தைச் சேர்ந்தது. உதகைக்கும் குன்னூருக்கும் வரும் சுற்றுலாக் கூட்டம் இவ்வளவு தூரம் வருவதில்லை. தேயிலைத் தோட்டங்களும் லைன் வீடுகளும், தமிழும் மலையாளமும் ஒருசேர ஒலிக்கும் கடைத்தெருவுமே அதன் அடையாளம். 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை, இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியவர்கள் எனக் கணக்கிட்டது. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், பின்னர் டான்டீ என்னும் கழகமாக வளர்ந்தது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி ஆகிய பகுதிகளில் அவ்வாறு குடியேறிய குடும்பங்கள் பல. மண்டபம் முகாமில் கொடுக்கப்பட்ட குடும்ப அட்டையை அவர்கள் எவ்வளவு கவனமாகப் பெட்டிக்குள் வைத்துக் காத்தனர் என்பதை அம்மக்களிடையே பழகியவர்கள் அறிவர். தேயிலைக் கொழுந்து பறித்த கைகளையோ, அட்டை கடித்த கால்களையோ எந்த அலுவலகமும் சான்றாக ஏற்பதில்லை. முத்திரையிட்ட ஒரு தாளையே ஏற்கும்.

கூலியாகக் கடல் கடந்த மக்களின் வரலாற்றில் காகிதம் இத்துணை வலிமை பெற்றது எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது. நாம் இங்கே எடுத்துக்கொள்வது அதன் ஒரு கிளையை மட்டுமே. அரசாங்கத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாமல், தாமாக முன்வந்து படையில் சேர்ந்து போரிட்ட ஒருவர், முதுமையில் அதற்குரிய ஓய்வூதியம் கேட்டு வந்தால், தாம் போரிட்டதை எதைக்கொண்டு நிறுவுவது? இக்கேள்வியைச் சேரம்பாடியிலிருந்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. இம்மலையின் லைன் வீடுகளுக்கு ஆள் கொண்டுவந்த அதே கங்காணி முறைதான் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழரைக் கொண்டு சென்றது. அங்கிருந்துதான் நேதாஜியின் படைக்குப் பெருந்தொகையாக ஆட்கள் கிடைத்தனர். மற்றொரு பக்கம், நாடுகாணிக் கணவாய் வழியாக இறங்கினால் நிலம்பூர்; அதற்கப்பால் 1921இன் மாப்பிள்ளைக் கிளர்ச்சி நடந்த ஏறநாடு. பிற்காலத்து இந்திய அரசு, விடுதலைப் போராட்டத் தியாகிகளுக்கு ஓய்வூதியம் வழங்க வகுத்த பட்டியலில் இவ்விரு போராட்டங்களும் இடம்பெற்றன. எனினும் இரண்டும் பெற்ற பயன் ஒன்றல்ல.

முதலில் நேதாஜி படை. 1942இல் மோகன்சிங் தலைமையில் அமைந்த முதலாம் இந்திய தேசிய இராணுவம் பெரும்பாலும் சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியப் படையினரைக் கொண்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே அது கலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின் அமைந்த படை வேறு தன்மையது. ஏறத்தாழ 40,000 பேர் கொண்ட அப்படையில் சரிபாதியளவுக்குப் பொதுமக்களே இருந்தனர் என வரலாற்றாசிரியர்கள் கணிப்பர். அவர்களுள் பெரும்பான்மையோர் மலாயாத் தமிழர். தோட்டங்களில் பால்வெட்டியவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், சிறுகடை வைத்திருந்தவர்கள். துப்பாக்கியைக் கண்ணால் கண்டிராத அம்மனிதர்கள் படையில் சேர்ந்ததற்கு நாட்டுப்பற்றை மட்டுமே காரணமாகச் சொல்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. சயாம்-பர்மா இரயில்பாதை வேலைக்கு ஜப்பானியர் தோட்டத் தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் இழுத்துச் சென்றதும், அங்கே காலராவிலும் பசியிலும் அவர்கள் மாண்டதும் எல்லோரும் அறிந்த செய்தி. படையில் சேர்ந்தால் அந்த மரணப் பாதைக்குப் போகவேண்டியதில்லை என்பதும் ஒரு காரணமாயிற்று. ஆயினும் தோட்டத்துரைக்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நின்றவன், சீருடையணிந்து நிமிர்ந்து நின்றபோது அடைந்த மனமாற்றத்தை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது.

இப்படையில் முஸ்லிம்களின் பங்கு பற்றி நம் இதழ்களில் அவ்வப்போது எழுதப்பட்டு வந்துள்ளது. 1943 அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்ட ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசின் ஆலோசகருள் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த கரீம் கனி. 1944 ஏப்ரல் 14இல் மணிப்பூரின் மொய்ராங்கில் கொடியேற்றியவர் கர்னல் ஷௌகத் அலி மாலிக். செங்கோட்டை வழக்கின் முதல் மூவருள் ஒருவர் ஷா நவாஸ் கான். அதன் பின் தண்டிக்கப்பட்ட கேப்டன் அப்துர் ரஷீதுக்காக 1946 பிப்ரவரியில் கல்கத்தா நகரமே தெருவில் இறங்கியது. திருவிதாங்கூரின் வக்கம் அப்துல் காதிர், பினாங்கில் பயிற்சி பெற்று 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து மலபாரின் தானூர்க் கடற்கரையில் இறங்கிப் பிடிபட்டார்; 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் மூன்று தோழர்களுடன் தூக்கிலிடப்பட்டார். இவர்களெல்லாம் பெயர் நின்றவர்கள். அதிகாரிகள், அல்லது வழக்கு நடத்தித் தண்டிக்கப்பட்டவர்கள். நம் கட்டுரை பெயர் நில்லாதவர்களைப் பற்றியது.

இம்பால் போரில் தோற்றுப் பின்வாங்கிய படை, 1945 ஏப்ரலில் ரங்கூனில் சிதறத் தொடங்கியது. போஸ் ஏப்ரல் 24இல் நகரை விட்டு வெளியேறினார். ஜப்பானியர் போய்விட்ட நகரில் கொள்ளையும் கொலையும் நிகழாமல் காத்தவர்கள், மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் அங்கேயே நின்ற சில ஆயிரம் இ.தே.இ. வீரர்களே. மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷார் நுழைந்ததும் அவர்கள் சரணடைந்தனர். ரங்கூன் மத்திய சிறை நிரம்பியது. ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபின் மலாயாவின் முகாம்கள் கலைக்கப்பட்டன. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் தோட்டத்துக்கே அனுப்பப்பட்டனர்.

இவ்விடத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் செய்த பாகுபாடு ஒன்று, பின்னாளில் எத்தனையோ முதியவர்களின் வாழ்வைத் தீர்மானித்தது. கைதிகளை அவர்கள் வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்றாகப் பிரித்து விசாரித்தனர். அவர்களுடைய கவலையெல்லாம், அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துவிட்டு அதை மீறிய பழைய இந்தியப் படைவீரர் பற்றியது. அவர்களுக்குப் படைப்பிரிவு உண்டு, எண் உண்டு, சம்பளக் கணக்கு உண்டு. ஆகவே கோப்பும் உண்டாயிற்று. பால்வெட்டியாக இருந்து சிப்பாயானவனோ எந்தப் பிரமாணத்தையும் எடுத்தவனல்லன். மீறுவதற்கும் அவனிடம் ஒன்றும் இல்லை. அவனை விசாரிப்பது வீண்வேலை என்று பெரும்பாலும் விட்டுவிட்டனர். சிலர் சில வாரங்கள், சிலர் சில மாதங்கள் அடைபட்டிருந்துவிட்டு, ஒரு சீட்டும் இன்றி வெளியே வந்தனர். கையிலிருந்த புகைப்படங்களையும் சின்னங்களையும் அச்சத்தால் தாமே எரித்தவர்களும் புதைத்தவர்களும் உண்டு. அன்று உயிரைக் காக்க உதவியது அது.

1972 ஆகஸ்ட் 15இல், விடுதலையின் வெள்ளிவிழாவை ஒட்டி, மைய அரசு விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு மாதம் 200 ரூபாய். 1980 ஆகஸ்டில் வருமான வரம்பு நீக்கப்பட்டு, 'சுதந்திரத சைனிக் சம்மான்' எனப் பெயர் மாற்றப்பட்டது. வறியவருக்கு உதவி என்ற நிலையிலிருந்து தியாகத்துக்கு மரியாதை என்ற நிலைக்குத் திட்டம் உயர்ந்தது நல்ல மாற்றமே. தகுதி என்ன? குறைந்தது 6 மாதச் சிறைவாசம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் 3 மாதம். இ.தே.இ.யினருக்கு அச்சிறைவாசம் இந்தியாவுக்கு வெளியே கழிந்ததாகவும் இருக்கலாம். சிறைச் சான்று இல்லையா? உடன் சிறையிருந்தவர்கள் எழுதித்தரும் சான்று வேண்டும். அது ஏற்கப்படுவதற்கு முன், மூல ஆவணம் கிடைக்கவில்லை என்று மாநில அரசு ஒரு சான்று தரவேண்டும். ஆவணம் இல்லை என்பதற்கும் ஓர் ஆவணம்.

விதியாகப் படிக்கும்போது இதில் குறை தெரியாது. பொதுப்பணத்தைக் கொடுக்கும் அரசு சான்று கேட்பது முறைதான். ஆனால் ரங்கூனில் 1945இல் பிடிபட்டு, பின்னர்த் தமிழகத்துக்கு வந்து, எங்கோ ஒரு தோட்டத்திலோ சென்னைப் புறநகர்க் குடிசையிலோ முதுமையடைந்தவரின் நிலையில் நின்று இதைப் படிக்கவேண்டும். அவருடைய சிறை இந்தியாவில் இல்லை, பர்மாவில். அந்த நாடோ 1962க்குப் பின் தன் கதவுகளைச் சாத்திக்கொண்டது. உடனிருந்தவர்கள் கிள்ளானிலும் பினாங்கிலும் மாண்டலேயிலும் சிதறினர். அவர்களுள் உயிரோடிருப்பவரைக் கண்டுபிடித்தாலும், அவரே முதலில் தம் சிறைவாசத்தை நிறுவியவராக இருக்கவேண்டும். கேப்டன் லட்சுமி போன்ற அதிகாரிகள் எழுதித்தந்த சான்றுகள்தாம் பலருக்குக் கைகொடுத்தன. அவரும் 2012இல் மறைந்தார்.

நீதிமன்றங்கள் இதை உணராமலில்லை. முகுந்த்லால் பண்டாரி வழக்கில் 1993இல் உச்சநீதிமன்றம், காலம் கடந்து விண்ணப்பித்தார் என்பதற்காகத் தியாகியின் விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்றது. குர்தியால் சிங் வழக்கில் 2001இல் இன்னும் ஒருபடி சென்று, குற்ற வழக்கில் கேட்பது போன்ற ஐயந்திரிபற்ற சான்றைத் தியாகியிடம் கேட்கலாகாது. நிகழ்ந்திருக்கக்கூடும் என்று நம்புவதற்குப் போதுமான அடிப்படை இருந்தால் போதும் என்று வகுத்தது. இவ்வளவுக்குப் பின்னும் 2018இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. மனுதாரர் 90 வயதை நெருங்கிய சென்னை முதியவர், நேதாஜி படையில் இருந்து ரங்கூனில் சிறைப்பட்டவர், 1980இல் விண்ணப்பித்தவர். 38 ஆண்டுகள் அவருடைய தாள் மேசை மேசையாக நகர்ந்திருந்தது. ஓய்வூதியம் வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. அவருக்குக் கிடைத்தது; நீதிமன்றம் வரை வர இயலாதவர்கள் பற்றி நமக்குச் செய்தி இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில், ஹைதராபாத் விடுதலைப் போராட்டத்தின் பேரால் போலித் தியாகிகள் பலர் ஓய்வூதியம் பெற்றுவந்தது அம்பலமாகி, 2005இல் உச்சநீதிமன்றம் வரை சென்றது. போராட்டக் காலத்தில் பாலகராக இருந்தவர்களும் தியாகிகளாகியிருந்தனர். அதிகாரிகளின் ஐயத்துக்கு இத்தகைய நிகழ்வுகள் நியாயம் கற்பிக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். போலிகள் பிடிபட்டது ஆவணம் இல்லாமையால் அன்று. அவர்களிடம் ஆவணங்கள் சீராகவே இருந்தன. செல்வாக்கும் இடைத்தரகரும் உள்ளவனுக்குச் சான்று எளிது. கடுமையான விதி அவனைத் தடுப்பதில்லை. கையில் ஒன்றுமில்லாத உண்மையானவனையே தடுக்கிறது.

இனி, கணவாய்க்குக் கீழே நடந்ததைப் பார்ப்போம். 1921 ஆகஸ்டில் ஏறநாட்டிலும் வள்ளுவநாட்டிலும் வெடித்த கிளர்ச்சி பற்றிய விவாதம் நூறாண்டு கடந்தும் ஓயவில்லை. அதற்குள் நாம் நுழையப்போவதில்லை. குத்தகை விவசாயிகளின் நெடுநாள் குமுறலும் கிலாஃபத் இயக்கத்தின் சூடும் அதில் கலந்திருந்தன என்பதும், அப்பாவி இந்துக் குடும்பங்கள் துன்புற்றன என்பதும் மறுக்க இயலாதவை. அலி முஸ்லியார் 1922 பிப்ரவரி 17இல் கோயம்புத்தூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். வாரியங்குன்னத்து குஞ்ஞஹம்மது ஹாஜி அதற்கு முந்திய மாதம் மலப்புறத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1921 நவம்பரில் திரூரிலிருந்து அடைத்த சரக்குப் பெட்டியில் கைதிகளை ஏற்றிவந்த இரயில் போத்தனூரில் திறக்கப்பட்டபோது பிணங்களே கிடந்தன. 70 பேர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் தண்டிக்கப்பட்டு, அவர்களுள் பலர் பெல்லாரிக்கும் அந்தமானுக்கும் அனுப்பப்பட்டனர்.

கேரள அரசு 1971இல் இவர்களை விடுதலைப் போராட்ட வீரர்களாக ஏற்றது. மைய அரசின் பட்டியலிலும் 1921-22 மாப்பிள்ளைக் கிளர்ச்சி இடம்பெற்றது. 1921இல் 20 வயது இளைஞராக இருந்தவருக்கு அப்போது வயது 70. பலர் அதற்குமுன்பே மண்ணுக்குள் போயிருந்தனர். ஆனால் எஞ்சியவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. பிரிட்டிஷார் அவர்கள்மேல் வழக்கு நடத்தியிருந்தனர். இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்த விசாரணையாயினும் பெயர், தகப்பன் பெயர், அம்சம், தண்டனைக் காலம் எல்லாம் எழுதப்பட்டிருந்தன. அவர்களைக் கொடியவர்கள் என்று பதிந்த அதே ஏடு, ஐம்பதாண்டுக்குப் பின் அவர்களைத் தியாகிகள் என்று நிறுவ உதவிற்று.

நாம் சொல்லவருவது இதுதான். விடுதலை பெற்ற அரசு, தன் வீரர்களைத் தானே எண்ணவில்லை. ஆட்சியாளனாயிருந்த பகைவன் எழுதிவைத்த பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, அவன் எவரைப் பொருட்படுத்திச் சிறையிலிட்டானோ அவரையே வீரர் என்றது. அவன் பொருட்படுத்தாத தோட்டக் கூலியை இதுவும் பொருட்படுத்தவில்லை. வெள்ளைத் துரையின் பார்வையில் எண்ணிக்கைக்கு வராதவன், அவனை எதிர்த்து எழுந்த அரசின் ஏட்டிலும் எண்ணிக்கைக்கு வராமற் போனான். பகைவனின் ஏட்டில் இருப்பதும் நிலையான பாதுகாப்பு அன்று. 2021இல் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் குழு ஒன்று, மலபார்க் கிளர்ச்சியில் இறந்த 387 பேரின் பெயர்களைத் தியாகிகள் அகராதியிலிருந்து நீக்கப் பரிந்துரைத்ததாகச் செய்தி வந்தது. அலி முஸ்லியாரின் பெயரும் அதில் அடக்கம்.

பதிவேடு, படைவீரர் உதவித்தொகை ஆகிய இரண்டும் இஸ்லாமிய வரலாற்றில் மிகத் தொடக்கத்திலேயே பிணைந்துவிட்டவை. எனவே அங்கே இது எவ்வாறு கையாளப்பட்டது என்று நோக்குவது பொருத்தமாகும். கலீஃபா உமர் (ரலி) 'தீவான்' என்னும் பதிவேட்டை நிறுவியது ஹிஜ்ரி 15இல் என்றும் 20இல் என்றும் இருவகையாகக் கூறுவர். பலாதுரி தம் 'ஃபுதூஹுல் புல்தான்' நூலில் இதை விரிவாகச் சொல்கிறார். அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் ஆகிய மூவர், குலவரலாறு அறிந்தவர்கள், பெயர்களை எழுத நியமிக்கப்பட்டனர். பத்ருப் போராளிகளுக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம். ஏனையோருக்கு அவரவர் முந்திவந்த வரிசைக்கேற்ப. அபூபக்ர் (ரலி) அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டதற்கு இது மாறுபட்டது. எது சிறந்தது என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டுள்ளனர்.

நம் கருத்தைக் கவர்வது தொகையன்று, கொடுத்த முறை. குஸாஆ குலத்தாரின் பதிவேட்டைக் கலீஃபாவே எடுத்துக்கொண்டு குதைத் என்னும் ஊருக்குச் சென்று, பெண்கள் ஒவ்வொருவருக்கும் தம் கையால் கொடுத்துவிட்டு, அடுத்து உஸ்ஃபானுக்குச் சென்றார் எனப் பலாதுரி குறிக்கிறார். தாம் உயிரோடிருந்தால் ஸன்ஆ மலையில் ஆடு மேய்ப்பவனுக்கும் அவனுடைய பங்கு, அவன் கேட்டு முகம் சிவப்பதற்கு முன், இருந்த இடத்திலேயே போய்ச் சேரும் என்று அவர் கூறியதாகவும் அறிவிப்பு உண்டு. மலைமேல் இருப்பவன் இறங்கிவந்து நிறுவவேண்டும் என்பதன்று, ஏடு மலையேற வேண்டும் என்பது அவர் எண்ணம்.

விதியே தீங்கு செய்யும்போது அவர் என்ன செய்தார் என்பதும் நோக்கத்தக்கது. குழந்தைகளுக்கான தொகை பால்குடி மறந்தபின்தான் என்று முதலில் விதித்திருந்தார். இரவில் சுற்றிவரும்போது விடாமல் அழுத ஒரு குழந்தையின் தாயிடம் காரணம் கேட்டார். உதவித்தொகைக்காகப் பருவத்துக்கு முன்பே பால் மறக்கச் செய்கிறேன் என்று, கேட்பவர் யாரென்று அறியாமல் அவள் சொன்னாள். மறுநாளே விதி மாறிற்று. பிறந்தவுடன் தொகை என்று அறிவிக்கப்பட்டது. அத்தாயைப் பொய்யுரைத்தவள் என்று அவர் தண்டிக்கவில்லை.

இதனால் தீவான் முறையில் விடுபட்டவர்களே இல்லை என்று கொள்ளலாகாது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் மாவர்தி, 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் போர்வீரரை இருவகையாகப் பிரிக்கிறார். தீவானில் பெயர் உள்ள 'முர்தஸிகா' ஒருவகை. அழைப்புக் கேட்டுத் தாமாகப் புறப்பட்டு வரும் நாட்டுப்புறத்தார், பாலைவாசிகள், ஊர்மக்கள் ஆகிய 'முதத்தவ்விஆ' மற்றொருவகை. முன்னவர்க்கு ஃபைஉ நிதியிலிருந்து. பின்னவர்க்கு ஸகாத் நிதியில் இறைவழிக்குரிய பங்கிலிருந்து. ஏட்டில் பெயர் இல்லாதவன் என்பதற்காக அவனை வெறுங்கையோடு அனுப்பவில்லை; வேறொரு பையிலிருந்து கொடுத்தனர். ஆனால் அவன் என்றும் ஏட்டுக்கு வெளியேதான் இருந்தான். அரசியல் மாறினால் ஏட்டில் இருந்தவர்களும் வெளியேற்றப்பட்டனர். ஹிஜ்ரி 218இல் அப்பாசியக் கலீஃபா முஃதஸிம், எகிப்தின் தீவானிலிருந்து அரபியரை நீக்கி உதவித்தொகையை நிறுத்த ஆணையிட்டார். இரு நூற்றாண்டு காலமாகத் தலைமுறை தலைமுறையாகப் பெற்றுவந்தவர்கள் ஒரே ஆணையில் பெயரற்றவர்களானார்கள், கிளர்ச்சியும் மூண்டது.

நம் காலத்துக்கு வந்தால், இந்தியாவின் கதை தனித்த ஒன்றன்று. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரை எதிர்த்துக் காடுகளில் போரிட்ட பிலிப்பைன்ஸ் கெரில்லாக்களுக்கு, அமெரிக்கப் படையினருக்குரிய சலுகைகள் உண்டு என்ற நம்பிக்கை ஊட்டப்பட்டிருந்தது. 1946 பிப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம் அதைப் பறித்தது. 2009இல்தான் ஒருமுறைத் தொகை வந்தது: அமெரிக்கக் குடிமக்களுக்கு 15,000 டாலர், மற்றவர்களுக்கு 9,000. அப்போதும் போருக்குப் பின் தொகுக்கப்பட்ட கெரில்லாப் பட்டியலில் பெயர் இல்லை என்று பல முதியவர்கள் திருப்பியனுப்பப்பட்டனர். காட்டுக்குள் பட்டியல் எழுதி வைத்திருந்தால், அது பகைவர் கையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எவரும் கேட்கவில்லை. பிரெஞ்சுப் படையில் போரிட்டு ஜெர்மானியரிடம் சிறைப்பட்டுத் திரும்பிய மேற்கு ஆப்பிரிக்க வீரர்கள், அவர்களுள் முஸ்லிம்கள் ஏராளம், டக்கார் அருகே தியாரோய் முகாமில் தமக்குச் சேரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்டபோது, 1944 டிசம்பர் 1இல் அவர்கள்மேல் பிரெஞ்சுப் படையே சுட்டது. அது படுகொலை என்பதைப் பிரான்சின் அதிபர் ஒப்புக்கொண்டது 2024இல். அங்கே பட்டியல் இருந்தது. கொடுக்க மனம் இல்லை.

இந்தியத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து 1,71,000க்கு மேற்பட்டோர் அதன் பயனைப் பெற்றுள்ளனர். தொகையும் உயர்ந்துள்ளது. 2016 ஆகஸ்ட் 15 முதல் இ.தே.இ. வீரர்களுக்கான அடிப்படைத் தொகை மாதம் 26,000 ரூபாயாகவும், பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே துன்புற்றவர்களுக்கு 28,000 ஆகவும் வகுக்கப்பட்டது. கொடைகுறைந்த அரசு என்று இதனைக் குற்றஞ்சாட்ட இயலாது. பெறுவோர் எண்ணிக்கைதான் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. 1944இல் 18 வயதினராக இம்பாலுக்கு நடந்தவர் இன்றிருந்தால் நூறை எட்டியிருப்பார். இனி கேட்கக்கூடியவர்கள் மனைவியரும் மணமாகாத மகள்களுமே. தந்தை போரிட்டதை, அவரே நிறுவமுடியாததை, மகள் நிறுவவேண்டும்.

இன்னும் தேடுவதற்கு இடம் இல்லாமலில்லை. 1997இல் பாதுகாப்பு அமைச்சகம் இ.தே.இ. தொடர்பான 990 கோப்புகளைத் தேசிய ஆவணக்காப்பகத்துக்கு ஒப்படைத்தது. அவற்றில் பழைய படையினர் பற்றிய செய்திகளே மிகுதியாயினும், இடையிடையே வரும் தமிழ்ப் பெயர்களை ஊர்வாரியாகப் பிரித்தெடுக்கும் வேலையை நம் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் ஏற்கலாம். இராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சை மாவட்டங்களின் ஜமாஅத்துகளில் பழைய நிக்காஹ் பதிவேடுகள் பூச்சி அரித்துக் கிடக்கின்றன. மணமகன் இருப்பு ரங்கூன் என்றும் பினாங்கு என்றும் ஈப்போ என்றும் எழுதப்பட்ட பக்கங்கள் அவற்றில் இருக்கக்கூடும். 1942க்கும் 1946க்கும் இடையில் மாப்பிள்ளை ஊர் வராத குடும்பங்கள் எவையென்று அந்த ஊர்களின் மூதாட்டியர் சிலரால் இன்றும் சொல்ல முடியும். சேரம்பாடி போன்ற தோட்ட ஊர்களில் குடும்ப அட்டைகளோடு ஒரே பெட்டியில் கிடக்கும் பழைய கடிதங்களையும் பார்க்கவேண்டும். நீதிமன்றம் 2001இல் வகுத்த அளவுகோலின்படி, அத்தகைய ஒரு பக்கமும் ஒரு கடிதமும் சேர்ந்தால் சான்றாகக் கருதப்பட இடமுண்டு.